சாக்கு உரமும் குப்பை உரமும்

கவாத்து வெட்டிய மலையில் இரண்டு இடத்தில் ஒரு பிடி மண் அள்ளிப் பாருங்கள். கான் ஓரத்துச் செம்மண் வெறும் கட்டியாக இருக்கும். செடியடியில், சருகு மக்கிய இடத்து மண்ணோ கறுத்துக் குளிர்ந்திருக்கும். பிடித்தால் உருண்டையாகும், விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும். யூரியாவைத் தாங்கி வைத்திருப்பது அந்தக் கறுப்புதான்.

யூரியா மண்ணில் அமோனியமாக மாறும். மக்கிய பொருளின் எதிர்மின்னேற்றம் அதைப் பிடித்துக்கொள்ள, வேர் நிதானமாக எடுத்துக்கொள்ளும். மக்கு இல்லாத மண்ணில் அது வேகமாக நைத்திரேற்றாகி, ஹட்டன் பக்கத்து அடைமழையில் கரைந்து கானோடு போய்விடும். காசு போட்டு வாங்கிய பசளை ஆற்றுக்குப் போவதைப் பார்ப்பது பெரிய வேதனை.

அப்படியானால் குப்பை உரம் மட்டும் போதாதா? கணக்குப் பார்ப்போம். தேயிலைத் தூளில் நைதரசன் சுமார் 4 சதவீதம். 1,000 கிலோ தூள் லொறியேறினால் 40 கிலோ நைதரசன் மலையை விட்டு இறங்கிவிடுகிறது. யூரியாவில் 46 சதவீதம் என்பதால் இரண்டு மூட்டைக்குள் அதை ஈடுகட்டலாம். கூட்டுப்பசளையில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தாலும் 2,700 கிலோ வேண்டும். அதிலும் முதல் வருஷம் ஒரு பங்குதான் செடிக்குக் கிடைக்கும். அந்தப் பாரத்தைச் சரிவில் யார் தலையில் ஏற்றுவது?

இந்தக் கணக்கைப் பாராமல்தான் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசு தடைசெய்தது. நவம்பரில் தடை நீங்கியபோது பசளை விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் அடி விழுவது பறிக்கிறவர்களின் கூலியிலும் சிறு தோட்டக்காரரின் அடுப்பிலும்தான்.

இரண்டும் சேர வேண்டும். கவாத்து மலையில் முள்ளுக்குத்தி, அந்தக் குழியில் கூட்டுப்பசளையும் வெட்டிய இலையும் போடுவார்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் தவணை தவணையாக, மண் ஈரமாக இருந்து மழை தணிந்த நாளில் தூவ வேண்டும். யூரியா மண்ணைப் புளிக்கவைக்கும். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும் என்றாலும் பீஎச் 4.5க்குக் கீழே போனால் டொலமைட் போட வேண்டும். அதை யூரியாவோடு கலக்கக் கூடாது. நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். தலவாக்கலை சென்கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் மண் பரிசோதித்து அளவு சொல்கிறது.

பாதி மக்கிய குப்பை ஆபத்தானது. அது மக்குவதற்கே மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். அதனால் கும்பிக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்சம் பொறுத்து உருவிப் பாருங்கள். கை சுட்டால் இன்னும் நாளாகும். கம்பி குளிர்ந்து, மழை நனைத்த மண் வாசம் அடித்தால் மலைக்கு ஏற்றலாம்.