டயாலிசிஸ் நோயாளியின் கைப்பிடியை ஏன் அளக்கிறார்கள்?

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் எடையை மட்டும் நம்ப முடியாது. உடலில் தேங்கும் நீர், கரைந்துபோன தசையை மறைத்துவிடும். ரத்தத்தில் கூடும் அமிலம், ஓயாத அழற்சி, பசியின்மை எல்லாம் தசையைக் கரைக்கின்றன. ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன.

அதனால்தான் தசையின் நிலையை அறியக் கைப்பிடியின் பலத்தை அளக்கிறார்கள். உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, கருவியின் பிடியை முழு பலத்தோடு இறுக்க வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையைத் தவிர்ப்பது நல்லது. டயாலிசிஸுக்கு முன்பு அளந்தால் எப்போதும் முன்புதான். மாற்றினால் ஒப்பிட முடியாது. தசை இழப்பு குறித்த ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி, பிடியின் பலம் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பலவீனம்.

கருவி இல்லையா? கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் புரத உணவும் உடற்பயிற்சியும் இழந்த பலத்தில் ஒரு பகுதியை மீட்டுத்தரக்கூடும்.