3.3 வோல்ட்டில் ஒரு குட்டித் திரை

சாங்கி விமான நிலையத்தின் 2ஆம் முனையத்தில் இருந்த தகவல் பலகை நினைவிருக்கிறதா? எழுத்துத் தகடுகள் சடசடவெனப் புரண்டு ஊர்ப் பெயர்களைக் காட்டும். மாமாவை வழியனுப்ப ஜோகூரிலிருந்து வரும்போதெல்லாம் விமானத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். உதிரிபாகம் கிடைப்பது அரிதாகி, 2020 பிப்ரவரியில் அதை அகற்றிவிட்டார்கள். அதில் ஒரு வசதி உண்டு. தகடு புரண்டு நின்றபின் மின்சாரம் போனாலும் எழுத்து அப்படியே இருக்கும். சிறிய திரவப் படிகத் திரை அப்படியல்ல. அதற்கு மின்னழுத்தம் ஓயாமல் வேண்டும். அதுவும் சரியான அளவில் வேண்டும். இது எனக்குப் புரிந்தது விவாதப் போட்டிக்கு முதல் நாள் இரவில்.

நடுவர் மேசைக்கு நேரங்காட்டி செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சிம் லிம் டவரில் வாங்கியது 16 எழுத்து, 2 வரி, 5 வோல்ட் திரை. என்னிடம் இருந்ததோ 3.3 வோல்ட் கட்டுப்பாட்டுப் பலகை. இணைத்தேன். விளக்கு மங்கலாக எரிந்தது, ஓர் எழுத்தும் இல்லை. திரை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

கெடவில்லை. இத்தகைய திரைகளில் பெரும்பாலும் ஹிட்டாச்சியின் எச்டி44780 சில்லோ அதன் நகலோ இருக்கும். மூலச் சில்லுக்கு 2.7 வோல்ட்டே போதும். ஆகவே அது எழுதிக்கொண்டுதான் இருந்தது. எழுத்தைக் கருமையாக்கும் படிகத்துக்குத்தான் வலு போதவில்லை. அதற்குச் சுமார் 4.5 வோல்ட் தேவை. நேர்முனைக்கும் திரையின் மூன்றாம் காலுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த 4.5. திரைக்கு 5 வோல்ட் கொடுத்தால் மூன்றாம் காலை 0.5இல் வைத்தால் போதும். 3.3 கொடுத்தால் அதை மைனஸ் 1.2க்கு இறக்க வேண்டும்!

பூச்சியத்துக்குக் கீழே எப்படிப் போவது? அடுத்த அறை அண்ணனின் பெட்டியில் 7660 என்ற எட்டுக்கால் சில்லு கிடைத்தது. அது ஒரு மின்தேக்கியை 3.3 வோல்ட்டுக்கு நிரப்பும். பிறகு அதைக் கழற்றி, நேர்முனையைத் தரையோடு சேர்க்கும். அப்போது மறுமுனை தரைக்குக் கீழே 3.3 வோல்ட்டுக்குப் போய்விடுகிறது அல்லவா? நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இதே வேலை. (தமிழ்ப்பள்ளியில் மின்கலம், மின்சுற்று வரை தமிழில் படித்தேன். மின்தேக்கி வருவதற்குள் இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறிவிட்டேன். இச்சொல்லை இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.) 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இரண்டும், 10 கிலோ ஓம் மாறு மின்தடை ஒன்றும் போதும். திருகத் திருக எழுத்துகள் மெல்ல எழுந்து வந்தன. அளவுக்கு மேல் திருகினால் எல்லாம் கறுப்புக் கட்டம்தான்.

பின்விளக்கு தனிக் கதை. வெள்ளை விளக்குக்கு 3 வோல்ட் அளவில் போதும். அதன் மின்தடையைக் குறைத்தால் சரியாகிவிடும். மஞ்சள்பச்சை வகை பலவற்றில் இரண்டு விளக்குகள் தொடராக இருப்பதால் 4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; 3.3இல் எரியாது. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

மறுநாள் மண்டபத்தில் எழுத்துகள் வெளுத்திருந்தன. விடுதி அறையில் மின்விசிறி மட்டும்தான், மண்டபத்திலோ குளிர்சாதனம். படிகம் குளிர்ந்தால் கூடுதல் அழுத்தம் கேட்கும். சட்டைப்பையில் திருப்புளி இருந்தது. முதல் பேச்சாளர் எழுவதற்குள் கால் சுற்றுத் திருகிவிட்டேன்.