வயல் சொன்ன சாட்சி

மேடு என்றால் நமக்கு மேடுதான். மாடு மேயும், மழைக்காலத்தில் ஆடு ஒதுங்கும், மண் வேண்டுமென்றால் மண்வெட்டியோடு போவோம். அதை எழுப்பியவர் யார், எழுப்பிய காலம் எது என்று கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டு வயல் ஒன்றின் வரலாற்றைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

வில்ட்ஷயர் என்ற பகுதியில், உலகறிந்த ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் அந்த வயல். உழுது உழுது தேய்ந்துபோன மண்வட்டம் ஒன்று அதில் கிடந்தது. சிதைந்த பழங்கால இடுகாட்டு மேடு என்று கற்றவர்கள் எண்ணி, அத்தோடு விட்டுவிட்டார்கள்.

1925 டிசம்பரில் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி அவ்வழியே பறந்தார். முதல் உலகப்போரில் விக்டோரியா சிலுவை பெற்ற வீரர் அவர். கீழே வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள்ளே வெண்புள்ளிகள் தெரிந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில், கோதுமை வளர்ந்து நின்ற வேளையில், மீண்டும் பறந்தார். இப்போது புள்ளிகள் கரும்பச்சையாக, வட்டத்துக்குள் வட்டமாக, வரிசை பிசகாமல் நின்றன! படம் எடுத்தார்.

மந்திரமா இது? இல்லை, மண்ணின் குணம்! அந்த நிலத்துக்கு அடியில் சுண்ணப்பாறை. எப்போதோ பாறையில் வெட்டிய குழி, பின்னர் மண்ணால் தூர்ந்து போயிற்று. அங்கே மண் ஆழம், ஈரம் தங்கும், பயிரின் வேர் இறங்கும், கதிர் செழிக்கும். அடியில் கற்சுவர் கிடந்தாலோ பயிர் குட்டையாகி, முன்கூட்டியே மஞ்சளிக்கும். பழைய எருக்குழி இருந்த இடத்தில் நெல் கறுத்து நிற்பதைக் கண்ட நம் உழவனுக்கு இது புதுப்பாடம் அல்லவே!

மாட் கன்னிங்டன் என்ற அம்மையாரும் அவர் கணவரும் 1926 முதல் 1928 வரை அங்கே அகழ்ந்தார்கள். சுற்றிலும் அகழி, அதற்கு வெளியே மண்கரை. உள்ளே ஆறு சுற்றுகளாக, 150க்கும் மேற்பட்ட குழிகள். அத்தனையும் மரத்தூண்கள் நின்ற குழிகள்! மரம் மக்கிப் போயிற்று, மண் மறக்கவில்லை. 'உட்ஹெஞ்ச்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். நிலத்தையும் விலைக்கு வாங்கி நாட்டுக்கே தந்தார்கள். தூண் நின்ற ஒவ்வோர் இடத்திலும் இன்று காங்கிரீட் கட்டை ஒன்று அடையாளமாக நிற்கிறது.

காலம்? கல்வெட்டு இல்லை, காசு இல்லை. ஆனால் எலும்பு இருந்தது, மான்கொம்பு இருந்தது. உயிர் போன பொருளில் ஒருவகைக் கரி குறிப்பிட்ட வேகத்தில் குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். இந்த முறையை வகுத்த லிபி என்ற அமெரிக்க அறிஞருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அளவுகோல் உட்ஹெஞ்சுக்குச் சொன்ன வயது, 4,000 ஆண்டுகளுக்கும் மேல்!

இரும்பு அறியாத காலம் அது. மான்கொம்பையே கடப்பாரையாகப் பிடித்துப் பாறையை வெட்டியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மன்னன் பெயரைக் கல் சொல்லும். உழைத்தவன் கதையைச் சொல்ல மண் ஒன்றுதான் உண்டு. அந்த ஒரே சாட்சியையும் அழிக்கலாமா?

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். நம் வைகைக் கரையில் 2013-14இல் ஆய்வாளர்கள் ஊர் ஊராக நடந்து, மேடு மேடாகப் பார்த்து, 293 இடங்களைக் குறித்தார்கள். அவற்றுள் ஒன்றுதான், பின்னர் அகழ்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்த கீழடி. தென்னந்தோப்பாகக் கிடந்த மேடு அது! வீடு கட்டவோ செங்கல் சூளைக்கோ அந்த மண்ணை முன்பே அள்ளியிருந்தால்?

ஆகவே சொல்கிறோம். உங்கள் ஊர்த் திடலில் பானை ஓடு கிடந்தால், கிணறு வெட்டும்போது உறைகிணற்றின் வளையம் தட்டுப்பட்டால், மண்வெட்டியைச் சற்றே நிறுத்துங்கள். எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இருந்த இடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். லாரியில் ஏறிய மண் திரும்பி வராது. அதனோடு போவது நம் பாட்டனின் உழைப்புக்கு இருந்த ஒரே சாட்சி!