பழைய மடிக்கணனியில் பாட்டி பாட்டைப் பதிவது எப்படி?

அருவி வெட்டும் இயந்திரம் வந்தபின் வயலிலே பாடுவார் இல்லை. 1995இலும் அதன் பின்னரும் காணியை விட்டு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்த குடும்பங்களில், அருவிவெட்டுப் பாட்டையும் சூடுமிதிப் பாட்டையும் அறிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்களது குரலைப் பதிய ஸ்ரூடியோ தேவையில்லை. பழைய விண்டோஸ் மடிக்கணனி ஒன்று, யூ.எஸ்.பி. மைக் ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் 'ஓடாசிட்டி' மென்பொருள்; இவ்வளவும் போதும்.

ஆனால் பதிவின் நடுவே 'டிக், டிக்' என்று கேட்கும்; சில வேளை ஒரு சொல்லே விழுந்துவிடும். மைக் பழுது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படியன்று. மிசின் இறைக்கும் நீர் தொட்டியில் விழ, ஒருவர் மடை திறந்து விடுகிறார் என்று வையுங்கள். அவர் வேறு வேலைக்குப் போனால் தொட்டி வழியும். கணனிக்குள்ளும் ஒலி வந்து விழும் ஒரு தொட்டி உண்டு. அதற்குப் 'பஃபர்' என்று பெயர். ஆகவே கணனியின் மற்ற வேலைகளை நிறுத்துவதே முதற்காரியம்.

வைஃபையை அணையுங்கள். அப்டேற்றை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். மின்சக்திப் பகுதியில் 'ஹை பெர்போமன்ஸ்' இருந்தால் அதனைத் தெரிவு செய்து, யூ.எஸ்.பி. தூங்குவதையும் தடுத்துவிடுங்கள். மைக்கின் அமைப்பில் 'என்ஹான்ஸ்மன்ற்ஸ்' என்பதையும் நிறுத்த வேண்டும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அது நீட்டிப் பாடும் ஓசையையே விழுங்கிவிடக்கூடும்.

பஃபரைச் சிறிதாக்குமாறு பலர் சொல்வார்கள். செக்கனுக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் 256 மாதிரி கொண்ட பஃபர் 5 மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகம். ஹெட்போனில் தன் குரலை உடனே கேட்டுப் பாடுபவருக்கு அது தேவை. பாயில் இருந்து பாடும் பாட்டிக்கு எதற்கு? 100 மில்லிசெக்கன் வைத்தால் தொட்டி வழியாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தது. இணையத்தோடு இணைக்காமல் பதிவுக்கு மட்டும் வைத்திருந்தால் அதனால் இடையூறில்லை.

காலி வீதி பஸ்ஸையும் கரையோர ரயிலையும் கொட்டாஞ்சேனைக் கோவில் மணியையும் எந்தக் கணனியும் மறைக்காது. யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மெத்தை ஒன்றைச் சுவரோடு சாய்த்து வையுங்கள். சார்ஜரைக் கழற்றினால் 'ம்ம்' என்ற இரைச்சல் பல வேளை நின்றுவிடும். பற்றறி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலிலே பார்த்துக்கொள்ளவும்.

பாட்டுக்கு முன் பாடுபவரின் பெயர், ஊர், எந்த வேலைக்குரிய பாட்டு என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். 44,100 வேகத்தில், 16 பிற், ஒற்றை ஒலியாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்.பி. பிடிக்கும். மூலத்தை 'வேவ்' கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் அனுப்ப 'எம்.பி.3' போதும்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேகரிக்கிறது. கொடுக்குமுன் பாடியவரிடம் கேளுங்கள். ஒப்பாரியைப் பாடித் தந்த தாய், அது வீட்டாருக்கு மட்டும் என்று சொல்லலாம்.