கொடுத்தாலும் ஜெயிக்கலாம்!

சீட்டு விளையாட்டில் தன் சீட்டை எதிராளிக்கு யாராவது சும்மா கொடுப்பார்களா? கொடுப்பார்கள் குட்டீஸ்! ஜெர்மனியைச் சேர்ந்த ஊவே ரோசன்பெர்க் உருவாக்கி, 1997ல் வெளிவந்த 'போனான்சா' விளையாட்டில்தான் இந்த அதிசயம்.

ஜெர்மன் மொழியில் 'போனே' என்றால் பீன்ஸ். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வகை பீன்ஸ் படம் இருக்கும். ஆட ஆரம்பிக்கும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு வயல்கள். ஒரு வயலில் ஒரே வகையைத்தான் விதைக்க வேண்டும். நிறையச் சேர்த்து அறுவடை செய்தால் நிறையத் தங்கக் காசு!

ஆனால், கையில் உள்ள சீட்டுகளின் வரிசையை மாற்றவே கூடாது. உங்கள் முறை வந்ததும் முதல் சீட்டை விதைத்தே ஆக வேண்டும். இரண்டு வயல்களிலும் வேறு பயிர் இருந்தால்? ஒன்றை அரைகுறையாக அறுத்துவிட்டு இடம் தர வேண்டும். நஷ்டம்தான்!

தப்பிக்க என்ன வழி? அடுத்தவர் ஆடும்போதே அந்தச் சீட்டை அவரிடம் பண்டமாற்று செய்துவிட வேண்டும். பதிலுக்குத் தர அவரிடம் எதுவும் இல்லையா? 'சும்மாவே வைத்துக்கொள்' என்று கொடுத்துவிடலாம். அவர் சம்மதித்தால் அவர் பயிர் பெருகும். உங்கள் வயலும் பிழைக்கும்.

இதில் சாமர்த்தியமும் வேண்டும். முன்னணியில் இருப்பவருக்கே அள்ளிக் கொடுத்தால் அவர் ஜெயித்துவிடுவார். அதற்காக எல்லோரிடமும் கறாராகப் பேரம் பேசினால், உங்களுக்கு ஒரு சீட்டு தேவைப்படும்போது யாரும் தர மாட்டார்கள்.

எதை, யாருக்கு, எப்போது கொடுப்பது என்று தெரிந்தவருக்கே காசு சேரும் குட்டீஸ்!