கண்ணாடிக்குப் பின்னால் ஒளிய முடியாத சென்சார்

ஒரு பழைய மானிட்டர், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, முன்னால் ஒருவழிக் கண்ணாடி. இவை இருந்தால் தேதி, வானிலை, அன்றைய வேலைகள் எல்லாம் நம் முகத்தின்மேல் எழுத்தாகத் தெரியும் ஸ்மார்ட் கண்ணாடியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மைக்கேல் டியூ 2014-இல் தொடங்கிய மேஜிக்மிரர் என்ற இலவச மென்பொருளைத்தான் பெரும்பாலோர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். செய்து மாட்டியதும் அடுத்து வரும் ஆசை சென்சார்: ஆள் வந்தால் திரை எரிய வேண்டும், போனால் அணைய வேண்டும். நியாயமான ஆசைதான். மானிட்டர் 25 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக எரிந்தால் ஆண்டுக்கு 219 யூனிட் ஆகும். நாளுக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் 27 யூனிட்டோடு முடியும். ஆகவே சென்சார் வேண்டுமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. எந்த சென்சார் என்பதில்தான் வீட்டில் இருக்கும் மற்றவர்களின் உரிமை அடங்கியிருக்கிறது. செய்முறை சொல்லித்தரும் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடையில் எச்.சி.-எஸ்.ஆர்.501 என்று கேட்டால், மேலே வெள்ளைக் குமிழ் கவிழ்த்த ஒரு சிறு பலகையைக் கொடுப்பார்கள். இது பி.ஐ.ஆர். வகை: உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பம் நகர்வதை மட்டும் உணரும். ஏழு மீட்டர் வரை எட்டும். ஓரத்தில் இருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று தூரத்தை மாற்றும், மற்றது எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதை மாற்றும். 5 வோல்ட் மின்சாரம் வாங்கினாலும் 3.3 வோல்ட்டில்தான் பதில் சொல்லும் என்பதால் ராஸ்பெர்ரி பையின் பின்னில் நேராகச் செருகலாம். (5 வோல்ட்டில் பதில் சொல்லும் சென்சாரை அப்படிச் செருகினால் பை பழுதாகலாம்.) சுவிட்ச் போட்ட முதல் ஒரு நிமிடம் கண்டபடி உளறும், பிறகு அடங்கும். அது சொல்வதெல்லாம் இரண்டே செய்தி: அசைவு இருக்கிறது, இல்லை. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. உடல் வெப்பத்தின் அலையைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடாது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இந்த சென்சார் குருடு. சட்டத்தில் துளை போட்டுக் குமிழை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். பார்க்க அழகாக இல்லை என்று பலர் இதை ஒதுக்கிவிட்டுக் கேமராவுக்கோ ரேடார் சென்சாருக்கோ போகிறார்கள். அவை இரண்டும் பின்னால் மறைந்தபடியே வேலை செய்யும். ரேடார் பலகை, மெல்லிய சுவரைக்கூட ஊடுருவும். சில வகைகள் அசையாமல் நிற்பவரின் மூச்சைக்கூட உணரும். பி.ஐ.ஆரின் அந்த அழகுக் குறைவைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன். கண்ணாடி என்பது மனிதர்கள் உடை மாற்றி, தலை வாரி, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே ஒரு கருவி இருப்பது எதிரே நிற்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இந்த மூன்றில் தெரியாமல் இருக்க முடியாத கருவி, பி.ஐ.ஆர். ஒன்றுதான்.

‘என் வீடு, என் கண்ணாடி, யார் கேட்பது?’ என்ற பதில் உடனே வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவைத் தொடுவதில்லை. ஆனால் அதே கண்ணாடியைச் செய்து அழகு நிலையத்திலோ விடுதியிலோ துணிக்கடையிலோ மாட்டி வாடிக்கையாளர் முகத்தைப் பதிந்தால் அந்த விலக்கு கிடைக்காது. குற்றவியல் சட்டமோ வீட்டு வாசலில் நின்றுவிடுவதில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் அந்தரங்கமான செயலில் இருக்கும்போது அவரைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம்: முதல் தடவைக்கு 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும், மறு தடவைக்கு 3 முதல் 7 ஆண்டு வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றி, தெரிந்தே படமெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திரையை எழுப்புவதற்காகக் கேமரா வைத்தவர் எல்லாம் குற்றவாளி ஆகிவிடமாட்டார். ஆனாலும் வீட்டில் வேலை செய்யும் அம்மா, மாடியில் குடியிருப்பவர், விசேஷத்துக்கு வந்த உறவுக்காரப் பெண் ஆகியோரின் படம் மெமரி கார்டில் கிடந்தால், ‘நான் அதற்காக வைக்கவில்லை’ என்று விளக்கும் வேலை கேமரா வைத்தவர் தலையில்தான் விழும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களின் மறுப்பு இன்னும் கூர்மையானது: படம் வெளியே எங்கும் போவதில்லை, ராஸ்பெர்ரி பைக்குள்ளேயே அலசி உடனே அழிந்துவிடுகிறது என்பார்கள். இன்றைக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் மேஜிக்மிரருக்கு யார் யாரோ எழுதிய மாட்யூல்களை (கூடுதல் நிரல்களை) நாம் பதிந்துகொண்டே போகிறோம். அத்தனையும் ஒரே அனுமதியோடு ஓடுகின்றன. மென்பொருள் முதலில் பூட்டியபடிதான் வருகிறது: அது ஓடும் ராஸ்பெர்ரி பையைத் தவிர வேறு எந்தக் கருவியிலிருந்தும் அதன் 8080 போர்ட்டைத் திறக்க முடியாது. போனிலிருந்து பார்க்க வேண்டும் என்று கான்ஃபிக் கோப்பில் முகவரியை 0.0.0.0 என்று மாற்றி, அனுமதிப் பட்டியலையும் காலியாக்கிவிட்டால் அந்தப் பூட்டு போய்விடும். வைஃபையில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் வீட்டுக் கேமராக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது பெரிய தந்திரத்தால் அல்ல. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். ராஸ்பெர்ரி பையும் 2022 ஏப்ரல் வரை எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டோடுதான் வந்தது. பழைய கார்டை அப்படியே ஓட்டுகிறவர்கள் இன்றே மாற்ற வேண்டும். இப்படி உடைபடும்போது பி.ஐ.ஆர். இருந்தால் திருடனுக்குக் கிடைப்பது பூஜ்ஜியமும் ஒன்றும். கேமரா இருந்தால் படுக்கையறை.

பி.ஐ.ஆர். சுத்த சாது என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு கோப்பில் எழுதி வைத்தால், வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் எழுகிறார், எப்போது வீடு காலியாகக் கிடக்கிறது என்ற அட்டவணை தானாக உருவாகிவிடும். திரையை எழுப்ப அந்தப் பதிவு தேவையே இல்லை, நிறுத்திவிடலாம். இன்னொன்று, பலர் கவனிக்காதது: கூகுள் காலண்டரைக் கண்ணாடியில் காட்டக் கொடுக்கும் ரகசிய இணைப்பு கான்ஃபிக் கோப்பில் வெளிப்படையாகக் கிடக்கிறது. அது யார் கையில் கிடைத்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் உங்கள் காலண்டரைப் படிக்கலாம். உதவி கேட்டு அந்தக் கோப்பை அப்படியே பிறருக்கு அனுப்பியிருந்தால், காலண்டர் அமைப்பில் போய் அந்த இணைப்பை ரீசெட் செய்ய வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால், வாடகை வீட்டிலோ விடுதியிலோ கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸ் தெரிந்தால் ஆத்திரத்தில் உடைத்துவிடக் கூடாது. ஒருவழிக் கண்ணாடி பின்பக்கம் இருட்டாக இருந்தால்தான் எதையும் மறைக்கும். அதனால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி அடித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். துணியால் மூடிவிட்டு, இருந்த நிலையிலேயே படமெடுத்து, தேதியும் நேரமும் குறித்துவைக்க வேண்டும். மெமரி கார்டுதான் சாட்சி. அதை யாரும் கழற்றவோ அழிக்கவோ விடக் கூடாது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இணையவழியாகப் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். தொலைபேசியில் ஆலோசனை வேண்டும் பெண்களுக்கு 181 இருக்கிறது.