நேரத்தைப் பங்கிட்ட கணிப்பொறி

விடை சரியாயினும், உரிய கணத்தில் கிட்டாவிடின் பயனற்றுப்போகும் வேலைகள் சில உள. சந்திரனில் கலத்தை இறக்குதல் அத்தகையது. அப்பொல்லோ விண்கலத்தின் கணிப்பொறியில் இப்பணி வன்பொருளுக்கும் மென்பொருளுக்குமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கருவிகள் அனுப்பும் மின்துடிப்புகளை எண்ணுவது வன்பொருளின் கடன். துடிப்பொன்று வந்ததும், ஓடும் நிரலை 11.7 மைக்குரோசெக்கன் நிறுத்தி, நினைவகத்திலுள்ள எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிடும்; நிரல் அதனை உணராது. இதனையும் நிரலே செய்வதாயின் பன்மடங்கு நேரம் செல்லும். எவ்வேலை முந்தியது, எது பிந்தியது என்று தீர்ப்பதோ ஹால் லானிங் வகுத்த மென்பொருளின் பொறுப்பு. எண்ணும் முறை மாறாதது. வேலைகளின் முதன்மை பயணத்துக்கேற்ப மாறுவது. ஆதலின் பிரிவினை தக்கதே.

ஆயினும் 1969 யூலை 20இல் அதற்கொரு சோதனை வந்தது. இறங்குகையில் வேண்டப்படாத ராடர் ஒன்றின் இணைப்பு, இரு மின்வழங்கல்களின் அலைகள் ஒத்திசையாமையால், செக்கனுக்கு 12,800 வரை பொய்த்துடிப்புகளை அனுப்பிற்று. வன்பொருள் ஐயுறாது அனைத்தையும் எண்ணிற்று. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நேரம் இவ்வாறே கழிந்தது. முடியாத வேலைகள் குவிந்தன. 1202 என்னும் எச்சரிக்கை தோன்றிற்று. மென்பொருள் திருடனை அறியாவிடினும் இழப்பை அறிந்தது. தன்னை மீளத் தொடக்கி, இன்றியமையாதனவல்லாத வேலைகளைக் கைவிட்டு, வழிகாட்டலையும் எஞ்சின் கட்டுப்பாட்டையும் விடாது நடத்திற்று. ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் இறங்கினர்.